இன்னொரு சொட்டு மருந்து

"சொட்டு மருந்து" என்று சொன்னால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவு வருவது போலியோதான். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு மேசை, ஐஸ் பெட்டி, இடது சுண்டுவிரலில் மை. இதை மக்கள் மனதில் பதிய வைக்க வீடு வீடாக நடந்தவர்களில் நானும் ஒருத்தி. பவானி ஆற்றுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தேன். அந்த உழைப்பு வீண் போகவில்லை. ஆனால் போலியோ அவ்வளவு ஆழமாகப் பதிந்துபோனதால், பின்னால் வந்த இன்னொரு சொட்டு மருந்துக்குப் பல வீடுகளில் இன்றுவரை பெயர்கூட இல்லை.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசின் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது. அடுத்த தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. மகள் வயிற்றுப் பேத்தியை ஒன்றரை மாச ஊசிக்கு எடுத்து வந்திருந்தார் ஓர் அம்மாயி. போலியோ இரண்டு சொட்டு ஊற்றிவிட்டு அடுத்த குப்பியைக் கையில் எடுத்தேன்.

"ஏனுங் நர்சம்மா, இப்பத்தான ஊத்துனீங்க? போன ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடத்துலயும் ஊத்திக்கிட்டு வந்தோம். மறுக்கா எதுக்குங்க?"

"அது இளம்பிள்ளை வாதத்துக்குங்க அம்மாயி. இது வயித்தால போறதுக்கு. இதை ஊத்திக்கிட்டா பாப்பாவுக்கு வயித்தால போகாதுங்க."

வரிசையில் முப்பது தாய்மார் நின்றிருந்தார்கள். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்துக் கடைவீதியில் அந்த அம்மாயி என்னை மடக்கினார். பேத்திக்கு நாலு நாளாக வயிற்றால் போகிறது. "நீங்க சொன்னது பொய்யாப் போச்சுங்களே" என்றார், கோபம்கூட இல்லாமல். அவர் சொன்னது சரி. மருந்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. அது தராத வாக்கை அதன் பேரில் நான் கொடுத்திருந்தேன். அன்று மூன்று நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இந்த அத்தியாயத்தில் நிதானமாக எழுதுகிறேன்.

எந்த வயிற்றுப்போக்குக்கு இந்த மருந்து

குழந்தைக்கு வயிற்றால் போவதற்குக் காரணமான கிருமிகள் ஏராளம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் இந்தச் சொட்டு. ஆனால் சின்னக் குழந்தைகளை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடத்துவதில் அந்த ஒன்றை மிஞ்சியது கிடையாது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் வயிற்றுப்போக்குக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ரோட்டாதான் காரணமாக இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இதனால் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

கிருமியைக் கண்டுபிடித்தது 1973இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த துளித் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இது தெரிந்தது. வண்டிச் சக்கரம் மாதிரி ஆரமும் விளிம்புமாக இருந்ததால் லத்தீனில் சக்கரத்துக்கான ரோட்டா என்ற சொல்லே பெயராகிவிட்டது.

சிறுகுடலின் உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு போல இருக்கும். அந்த நூல் முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. ரோட்டா வைரஸ் அந்த முனைகளில் தொற்றி அவற்றை அழித்துவிடுகிறது. வழவழவென்று தேய்ந்துபோன துண்டால் தண்ணீரைத் துடைக்க முடியாது இல்லையா, அதுபோலக் குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். பெரும்பாலும் முதலில் வாந்தியும் காய்ச்சலும் வரும். பிறகு குழாயைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீராகப் போகும். மூன்று நாளிலிருந்து எட்டு நாள் வரை இருக்கும். பத்துக் கிலோவுக்கும் குறைந்த உடம்பிலிருந்து ஒரே இரவில் அவ்வளவு தண்ணீர் போனால், விடிவதற்குள் குழந்தை துவண்டுவிடும். ஆபத்து அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவர்களைத்தான் இது அதிகம் தாக்குகிறது. பல் முளைப்பதும் அதே வயதில் என்பதால் பழி பல்லின் மேல் விழுந்துவிட்டது. மாந்தம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதும், தொக்கம் எடுக்கத் தூக்கிப் போவதும் அந்த வயதில்தான். மந்திரிப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்காகப் பேருந்து ஏறி இறங்கும் அந்த அரை நாளோடுதான் சண்டை.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதாதா என்று படித்த தாய்மார் கேட்பார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், கழிப்பறை வேண்டும். இதில் எதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலராவும் டைபாய்டும் இவற்றுக்கு அடங்கும். ரோட்டா முழுதாக அடங்காது. நோயுற்ற குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் இந்த வைரஸில் மிகச் சிறிதளவு இன்னொரு வாய்க்குள் போனாலே தொற்றிவிடும். பொம்மையிலும் பாயிலும் கதவுக் கைப்பிடியிலும் அது தாக்குப்பிடித்துக் கிடக்கும். குழாயைத் திறந்தால் சுத்தமான தண்ணீர் வரும் அமெரிக்காவிலும்கூட, தடுப்பு மருந்துக்கு முன், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரு முறையாவது வந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் அங்கே இறந்தவர்கள் குறைவு.

பாதிதான் தடுக்கும் என்கிறார்களே

இந்தியாவில் பரவலாகப் போடப்படும் ரோட்டாவேக் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவுப்படி, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது சுமார் 54 சதவீதம் தடுத்தது. மருந்து பெறாத ஒரு கூட்டத்தில் 100 குழந்தைகளுக்குக் கடுமையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து பெற்ற அதே அளவு கூட்டத்தில் சுமார் 46 குழந்தைகளுக்கு வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கின்றன. அப்படியானால் நம் மருந்து மட்டமா?

மருந்து மட்டமில்லை. வெளிநாட்டு மருந்துகளும் ஆசிய, ஆப்பிரிக்க ஏழை நாடுகளில் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான் வேலை செய்தன. ஏன் என்பதற்கு வேலூர் ஒரு பாடம் சொல்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் என்ற விஞ்ஞானியின் குழு வேலூர் நகரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தது. வீடு வீடாகப் போய் மல மாதிரி சேகரித்திருக்கிறார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். நான் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன். இதற்கு முன் மெக்சிகோவில் இதேபோல் கவனித்தபோது, இயற்கையாக இரண்டு முறை ரோட்டா தொற்றிய குழந்தைக்கு அதன்பின் கடுமையாக வரவே இல்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் நடுத்தரமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். உண்மையான நோயே முழுப் பாதுகாப்புத் தராத இடத்தில், அந்த நோயைப் போல நடிக்கும் மருந்து மட்டும் எப்படித் தரும்? நம் ஊர்க் குழந்தையின் குடலுக்குள் சிறு வயதிலேயே பலவகைக் கிருமிகள் வந்து குடியேறிவிடுகின்றன. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் பொருளும் இங்கே அதிகம். அது மருந்தில் உள்ள உயிருள்ள, வலுவிழந்த வைரஸையும் கொஞ்சம் அடக்கிவிடுகிறது. ஊட்டக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஒரு தவணையோடு நிறுத்தாமல் மூன்று தவணை கொடுப்பது இதனால்தான். ஒன்றரை மாதத்தில் கொடுத்துவிட்டு மீதியை விட்டுவிட்டால், பாதிப் பாதுகாப்பிலும் பாதியைக் கைவிட்டதாகிவிடும்.

கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். நோய் அரிதாக வரும் ஊரில் 90 சதவீதம் தடுத்தால் காப்பாற்றப்படுவது ஒரு கைப்பிடிக் குழந்தைகள். வீட்டுக்கு வீடு நோய் வரும் ஊரில் 54 சதவீதம் தடுத்தாலே ஆஸ்பத்திரி வார்டில் படுக்கைகள் காலியாகும். பாதிதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த மருந்தின் மூலக் கிருமி கிடைத்ததும் நம் நாட்டில்தான். 1980களில் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பிறந்த குழந்தைகள் வார்டில் ரோட்டா பரவியிருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றால் போகவில்லை. எம்.கே. பான் என்ற குழந்தை மருத்துவர் அதை விடாமல் பின்தொடர்ந்தார். அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோதும் ரோட்டா நோய் அவர்களை அதிகம் அண்டவில்லை. இயற்கையே வலுவிழக்கச் செய்து வைத்திருந்த அந்த வைரஸ்தான், 116இ என்ற பெயரோடு, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து ரோட்டாவேக் ஆனது. நோய் இருந்தும் நோயாளி இல்லாத ஒரு வார்டைப் பார்த்து "ஏன்" என்று கேட்ட மனிதர் அவர். 2020இல் காலமானார்.

புதன்கிழமைக்குத் தயாராவது

குழந்தை பிறந்த நாளிலிருந்து 42, 70, 98 நாள் முடிந்ததும் மூன்று தவணை. எங்கள் பேச்சில் இவை ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊசி போடும் நாள் புதன் என்பதால் கணக்கு எளிது. செவ்வாய் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரச் செவ்வாய்க்கு மறுநாளே முதல் தவணை. வியாழன் பிறந்தால் 42ஆம் நாளைத் தாண்டி வரும் அடுத்த புதன் வரை பொறுக்க வேண்டும். முன்கூட்டிக் கொடுத்தால் அது கணக்கில் சேராது. இரண்டு தவணைகளுக்கு நடுவே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும்.

ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் பட்டியல் நீளமாக இருக்கும். வாயில் போலியோவும் ரோட்டாவும், மேல்கையில் தோலுக்குள்ளேயே ஒரு சிறு போலியோ ஊசி, தொடைகளில் ஐந்து நோய்க்கான பென்டா ஊசியும் நிமோனியா ஊசியும். ஒரே நாளில் இத்தனையா என்று தயங்க வேண்டாம். ஒன்றையொன்று கெடுக்காது. நாள் முழுக்கத் தரையிலும் துணியிலும் விரலிலும் குழந்தை சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு துளி. நடுவில் வரும் இரண்டரை மாதத்தில் ஒரே ஒரு ஊசி, மீதி வாயில் ஊற்றுவதுதான். அந்தத் தவணையைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். "சொட்டுதானே, அடுத்த மாசம் சேத்துப் போட்டுக்கலாம்" என்பது வழக்கமான பதில். சேர்த்துக் கொடுக்க முடியாது. இரண்டாவது தவணை தள்ளிப்போனால் மூன்றாவதும் தள்ளிப்போகும். நோய் பிடிக்கும் வயது வந்துகொண்டே இருக்கும்.

வாயில் ஊற்றுவதை முதலில் முடித்துவிட்டுத்தான் ஊசிக்குப் போவோம். ஊசி குத்திய பிறகு வீறிடும் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றினால் பாதி மேல்துணிக்குப் போகும். குழந்தையை மடியில் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மல்லாக்கக் கிடத்த வேண்டாம். செவிலியர் இரண்டு கன்னத்தையும் இரு விரலால் மெல்ல அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். மருந்தை நேராகத் தொண்டையில் விடாமல் கன்னத்தின் உட்பக்கமாக விட வேண்டும். ரோட்டாவேக் என்றால் ஐந்து சொட்டு. ரோட்டாசில் என்ற மற்றொரு இந்திய மருந்து என்றால் ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரண்டு, இரண்டரை மில்லி வரும். சிரிஞ்சைப் பார்த்துப் பயந்து குழந்தையின் தொடையை மறைத்த பாட்டிகள் உண்டு. இந்த மருந்தை எந்தக் காலத்திலும் ஊசியாகப் போடுவதில்லை.

குழந்தை உடனே துப்பிவிட்டாலோ கக்கிவிட்டாலோ அங்கேயே, அப்போதே செவிலியரிடம் சொல்லுங்கள். திரும்பக் கொடுக்க வேண்டுமா என்பதை எந்த மருந்து, எவ்வளவு போயிற்று என்று பார்த்து அவர் முடிவு செய்வார். வீட்டுக்குப் போய்ப் போனில் கேட்டால் எங்களால் எதுவும் சொல்ல முடியாது. தாய்ப்பாலை முன்னாலும் நிறுத்த வேண்டாம், பின்னாலும் நிறுத்த வேண்டாம். பால் மருந்தைக் கெடுத்துவிடுமோ என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. ஒரு மணி நேரம் பால் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் எந்த லாபமும் தெரியவில்லை. பசியில் கத்தும் குழந்தையைவிட அரை வயிறு நிறைந்த குழந்தை வாயைச் சமாதானமாகத் திறக்கும் என்பது என் அனுபவம். முழு வயிறு மட்டும் வேண்டாம், கக்கிவிடும்.

சளி, லேசான காய்ச்சல், ஒன்றிரண்டு முறை இளக்கமாகப் போனது இதற்கெல்லாம் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் காய்ச்சலோ விடாத வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அது அடங்கட்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே நாள் எண்ண வேண்டும். கொடுக்கவே கூடாதவர்கள் மிகச் சிலர். முன்பு குடல் செருகல் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) வந்த குழந்தை, முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை கண்ட குழந்தை, பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் முற்றிலும் இல்லாத அரிய நோயுள்ள குழந்தை.

அன்றிரவு காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் அது பென்டா ஊசியின் வேலை. ரோட்டா மருந்தினால் ஓரிரு நாள் லேசாகச் சிணுங்கலாம், இளக்கமாகப் போகலாம். மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸ் சில நாள் மலத்தில் வெளியேறும் என்பதால் துணி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எப்போதும் செய்ய வேண்டியதுதான், அந்த வாரம் இன்னும் கொஞ்சம் கவனமாக.

நாள் தவறிவிட்டால்

அரசு அட்டவணையில் ஒரு வயது முடிவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் மீதி இரண்டையும் நான்கு வார இடைவெளியில் முடித்துக் கொடுப்பார்கள். தனியார் மருத்துவர்கள் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையைப் பின்பற்றுவதால், 15 வாரத்துக்கு மேல் தொடங்கத் தயங்குவார்கள். எட்டு மாதத்துக்குள் முடிக்கவும் சொல்வார்கள். ஐந்து மாதக் குழந்தையைக் கொண்டுபோய் "இனிமேல் முடியாது" என்று கேட்டுவிட்டுச் சோர்ந்து திரும்பினால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பாருங்கள்.

தனியாரில் ரோட்டாரிக்ஸ் என்ற மருந்து என்றால் இரண்டு தவணை, மற்றவை மூன்று. முதல் தவணை அங்கே, அடுத்தது இங்கே என்று மருந்து மாறிப்போனால் தலையில் கை வைக்க வேண்டாம். ஒரே மருந்தாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிடைப்பதைக் கொண்டு மொத்தம் மூன்று தவணையாக முடிக்க வேண்டும். அரசு நிலையத்தில் இலவசம், தனியாரில் தவணைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகும். காசு கொடுத்து வாங்குவது உசத்தி என்ற நினைப்பு இந்த மருந்து விஷயத்தில் வேண்டாம். இரண்டையும் என் கையால் கொடுத்திருக்கிறேன்.

குடல் செருகல்

பயமுறுத்த எழுதவில்லை, மறைக்கவும் கூடாது. 1998இல் அமெரிக்காவில் முதல் ரோட்டா தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள். சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகல் வந்ததுதான் காரணம். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கை உள்ளே சுருண்டு சிக்கிக்கொள்ளும் அல்லவா? அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது குடல் செருகல். மருந்தே வாங்காத குழந்தைகளுக்கும் நாலாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரை இது வருவதுண்டு. ஒன்றரை மாதத்திலேயே தொடங்கச் சொல்வதற்கு அந்த வயதுக்குள் நுழைவதற்கு முன் முடித்துவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

பிறகு வந்த இரண்டு வெளிநாட்டு மருந்துகளை ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகுதான் வெளியிட்டார்கள். அவற்றால் வரும் கூடுதல் ஆபத்து லட்சத்தில் ஓரிரண்டு முதல் ஆறு குழந்தைகள் வரை. இந்தியாவில் ரோட்டாவேக் அறிமுகமான பின் பல மாநில ஆஸ்பத்திரிகளில் கண்காணித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தால் குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக மருந்து கொடுத்த முதல் வாரத்தில். குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும்; சில நிமிடம் ஓய்ந்து மறுபடி வீறிடும். வாந்தி வரும், அதிலும் பச்சையாக. வயிறு உப்பும். மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து செக்கச் செவேலென்று போகும். நடுநடுவே துவண்டு கிடக்கும். இதைப் பார்த்தால் வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். 108க்கு அழைக்கலாம். மருந்து எந்தத் தேதியில் கொடுத்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள். சீக்கிரம் போனால் பல குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே சரிசெய்துவிடுகிறார்கள்.

ஒரு குழந்தை, இரண்டு வீடு

தவணைகள் விட்டுப்போவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் அலட்சியமில்லை, சம்பிரதாயம். தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மூன்று தவணையும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. முதல் இரண்டு ஒரு செவிலியர் பதிவேட்டில் இருக்கும், மூன்றாவது வேறு மாவட்டத்தில். இங்கே இருப்பவர் "அங்க போய்ப் போட்டிருப்பாங்க" என்று நினைப்பார். அங்கே இருப்பவருக்கு இப்படி ஒரு குழந்தை வந்ததே தெரியாது. தொட்டில், பால் பாட்டில், பொம்மை எல்லாம் காரில் ஏறும். தடுப்பூசி அட்டை மட்டும் அம்மாயி வீட்டு அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். அட்டை தொலைந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு பதிவைத் தேடலாம். போய்ச் சேர்ந்த ஊரில் அங்கன்வாடியில் விசாரித்தால் செவிலியர் யார், எந்தப் புதன் எந்த ஊருக்கு வருவார் என்று சொல்லிவிடுவார்கள்.

அட்டையில் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. போலியோ வரிசையில் தேதி இருப்பதைப் பார்த்துவிட்டுச் "சொட்டு ஊத்தியாச்சு" என்று மூடிவிடாதீர்கள். ரோட்டா 1, 2, 3 என்று தனி வரிசை இருக்கும். அதில் மூன்று தேதி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முகாமில் ஊற்றுவது போலியோ மட்டும்தான்.

அப்படியும் வயிற்றால் போனால்

போகலாம். வேறு கிருமியால் போகலாம், ரோட்டாவாலேயே கொஞ்சம் போகலாம். மருந்து முடித்த வீட்டிலும் நான்கு ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். தேய்ந்த தேங்காய்ப்பூத் துண்டைச் சொன்னேனே, அதிலும் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே விடும் வாசல் மட்டும் திறந்தே இருக்கும். சரியான அளவில் இரண்டும் கலந்த தண்ணீர் அந்த வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலராவுக்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார்.

பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர், சிறியது என்றால் 200 மில்லி தண்ணீர். பொட்டலத்தில் போட்டிருப்பதைப் படித்து அளந்து ஊற்றுங்கள். பெரிய பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் கலக்குவதுதான் நான் அடிக்கடி பார்த்த தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கும் அட்டை டப்பா இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சர்க்கரை கூடிப்போனால் வயிற்றுப்போக்கு அதிகமாகும். ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. டம்ளரில் கவிழ்க்காமல் பாலாடையிலோ கரண்டியிலோ ஒரு நிமிடத்துக்கு ஒரு வாய். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் நிற்கவே கூடாது. ஜிங்க் மாத்திரை 14 நாள்: இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. ஐந்தாம் நாளே நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், வேண்டாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரியவர்கள் போடும் "நிறுத்தும் மாத்திரை"யைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத நிலை வந்துவிட்டதா என்பது கண்ணிலும் தோலிலும் தெரியும். அழுதால் கண்ணீர் வராது. கண்ணும் உச்சிக்குழியும் உள்வாங்கியிருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று சமமாகாமல் மெதுவாகத் திரும்பும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாது. எதையும் குடிக்க மறுத்துக் குழந்தை மயங்கிக் கிடக்கும். மலத்தில் இரத்தம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வண்டியில் போகும்போதும் கரண்டியால் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அந்த அம்மாயியின் மகளுக்கு இரண்டாவது பிரசவமும் எங்கள் ஊரில்தான். நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்பு பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நான் குப்பியை எடுத்ததும் என்னையே பார்த்தார்.

"இதை ஊத்தினா வயித்தால போகாதுன்னு சொல்ல மாட்டனுங்க அம்மாயி. போகும். ஆனா ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடற மாதிரிப் போறது பாதிக்குப் பாதி கொறையும். மூணு தடவையும் வரோணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே நர்சம்மா" என்றபடி பேரனை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.